மெய்நிகர் கணினிக்குள் கிராபிக்ஸ் எங்கே அறுந்துபோகிறது?

கொழும்பில் கணினி படிக்கும் மாணவர்கள் பலருக்கு உபுண்டு லினக்ஸ் முதலில் அறிமுகமாவது விண்டோஸுக்குள் திறந்த ஒரு சாளரத்தில்தான். வெள்ளவத்தையிலோ மொறட்டுவையிலோ மாலபேயிலோ படிக்கும் பிள்ளை, வீட்டில் உள்ள ஒரே மடிக்கணினியில் விண்டோஸை அழிக்க முடியாது. அக்காவின் வேலையும் தம்பியின் ஆன்லைன் வகுப்பும் அதே இயந்திரத்தில்தான் நடக்கின்றன. ஆகவே கணினிக்குள் இன்னொரு மெய்நிகர் கணினியை (விஎம்) ஓட்டும் வெர்ச்சுவல்பாக்ஸ் அல்லது விஎம்வேர். நிறுவல் ஒழுங்காக முடிகிறது. பிறகுதான் தொல்லை: சாளரத்தை இழுத்தால் அது ஒரு கணம் கழித்துப் பின்னால் வருகிறது, மெனு துண்டு துண்டாக விரிகிறது, மின்விசிறி ஊளையிடுகிறது. தெரிந்தவர்களிடம் கேட்டால் பதில் ஒன்றுதான்: “டிஸ்ப்ளே செட்டிங்கில் 3டி ஆக்சிலரேஷனுக்குச் சரி போடு.” போட்டதும் ஒன்று, எதுவுமே மாறுவதில்லை, அல்லது திரை முழுவதும் கறுப்பாகிவிடுகிறது.

அந்தப் பெட்டியில் நாம் போடும் சரி ஒரு கட்டளை அன்று, வெறும் விண்ணப்பம். அதை ஏற்பதற்கு மூன்று இடங்களில் சம்மதம் வேண்டும். எந்த இடத்தில் மறுக்கப்பட்டது என்று பார்க்காமல் மற்ற எல்லா அமைப்புகளையும் மாற்றிப் பார்ப்பதில்தான் நம்மவர்களின் இரவுகள் கழிகின்றன.

முதலில், கிராபிக்ஸ் மட்டும் ஏன் இவ்வளவு அடம்பிடிக்கிறது? செயலியைப் பங்கிடுவது ஓரளவு தீர்ந்த சிக்கல். இன்டெல் 2005 இறுதியில் விடி-எக்ஸ் வசதியையும், ஏஎம்டி 2006இல் தன் பங்குக்கு ஏஎம்டி-வி வசதியையும் சில்லுக்குள்ளேயே வைத்துவிட்டன. உள்ளே ஓடும் இயங்குதளத்தின் கட்டளைகளில் பெரும்பகுதி நேரடியாகவே செயலியில் ஓடுகிறது. ஆபத்தானவற்றை மட்டும் சில்லே இடைமறித்துக் கொடுக்கிறது. கிராபிக்ஸ் சில்லுக்கு அப்படி எல்லோருக்கும் பொதுவான ஓர் ஏற்பாடு சாதாரண மடிக்கணினிகளில் வரவில்லை. ஒவ்வொரு நிறுவனத்தின் சில்லும் தனக்கென ஒரு கட்டளை மொழியைப் பேசுகிறது. போதாக்குறைக்கு, அது ஏற்கெனவே வெளியே உள்ள விண்டோஸுக்குப் படம் வரைந்துகொண்டிருக்கிறது. அதைப் பிடுங்கி உள்ளே கொடுத்தால் வெளியே திரை போய்விடும்.

அதனால் மென்பொருள்காரர்கள் கண்ட வழி மொழிபெயர்ப்பு. தமிழில் எழுதிய மனுவைச் சிங்களம் மட்டும் தெரிந்த அதிகாரியிடம் கொண்டுசெல்லும்போது நடப்பதுதான் இங்கும் நடக்கிறது. மனு சரியாக எழுதப்பட்டிருக்க வேண்டும், இடையில் உள்ள மொழிபெயர்ப்பாளருக்கு அந்தச் சொற்கள் தெரிந்திருக்க வேண்டும், கடைசியில் அந்த வேலையைச் செய்ய அதிகாரிக்கு அதிகாரம் இருக்க வேண்டும். உள்ளே உள்ள இயங்குதளம், அதாவது கெஸ்ட், உண்மையில் இல்லாத ஒரு கற்பனை கிராபிக்ஸ் அட்டைக்கு ட்ரைவர், அதாவது அட்டையை இயக்கும் மென்பொருள், வைத்திருக்கிறது. அதுதான் மனு எழுதுபவர். வெர்ச்சுவல்பாக்ஸ் அல்லது விஎம்வேர் மொழிபெயர்ப்பாளர். வெளியே உள்ள ஹோஸ்ட் கணினியின் உண்மையான ட்ரைவர்தான் அதிகாரி. அவருக்கு டைரக்ட்3டி, ஓபன்ஜிஎல், வல்கன் என்ற மொழிகளில் எது, எந்தப் பதிப்பு வரை தெரியும் என்பதைப் பொறுத்தே எல்லாம்.

எனவே எந்தப் பழுதுபார்ப்பையும் ஒரே கேள்வியுடன் தொடங்க வேண்டும்: இப்போது உள்ளே படத்தை வரைவது யார்? லினக்ஸ் கெஸ்ட்டில் மெஸா-யூட்டில்ஸ் தொகுப்பை நிறுவி, ஜிஎல்எக்ஸ்இன்ஃபோ கட்டளையைச் சுருக்க வடிவில் ஓடவிட்டால் ‘ரெண்டரர்’ என்ற வரி வரும். அங்கே எல்எல்விஎம்பைப் என்று இருந்தால் முடுக்கம், அதாவது 3டி ஆக்சிலரேஷன், இல்லை. அது லினக்ஸின் ஓபன்ஜிஎல் தொகுப்பான மெஸாவின் மென்பொருள் ரெண்டரர். படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் செயலியே உட்கார்ந்து கணக்கிடுகிறது. எஸ்விஜிஏ3டி என்று தொடங்கினால் வெர்ச்சுவல்பாக்ஸோ விஎம்வேரோ வேலையை வெளியே அனுப்புகிறது என்று பொருள். இங்கே ஒரு பொறி இருக்கிறது: அந்த எஸ்விஜிஏ3டி வரியின் கடைசியிலும் எல்எல்விஎம் என்ற எழுத்துகள் வரும். அதைக் கண்டு பதறி, நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒன்றைக் கழற்றிப் போட்டவர்கள் உண்டு. வரி எதில் தொடங்குகிறது என்பதுதான் கணக்கு. விர்ஜிஎல் என்று வந்தால் அது லினக்ஸ் ஹோஸ்ட்டில் ஓடும் விஎம் மென்பொருளான கியூஎம்யு-கேவிஎம் குடும்பத்து முடுக்கம்.

விண்டோஸ் கெஸ்ட் என்றால் டிஎக்ஸ்டயாக் என்ற சோதனைக் கருவி போதும். ‘மைக்ரோசாப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’ என்று காட்டினால் கெஸ்ட்டுக்குள் ட்ரைவரே ஏறவில்லை. கட்டளை தட்டத் தயங்குபவர்கள் குரோம் உலாவியின் ஜிபியு (கிராபிக்ஸ் சில்லு) பக்கத்தைத் திறந்து பார்க்கலாம். எது வன்பொருளில் ஓடுகிறது, எது மென்பொருளில் ஓடுகிறது என்று வரிசையாகச் சொல்லிவிடும். ஆனால் உலாவிகள் சில மெய்நிகர் அட்டைகளைத் தங்கள் விலக்குப் பட்டியலில் வைத்திருப்பதால், அங்கே ‘இல்லை’ என்று வந்தால் ரெண்டரர் வரியையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

உள்ளே எல்எல்விஎம்பைப்தான் என்று உறுதியாகிவிட்டால், மந்தத்துக்குக் காரணம் உபுண்டுவின் டெஸ்க்டாப்பான நோமே என்பதும் புரியும். 2011இல் வந்த நோம் 3 முதல் அந்தச் சூழல் ஒவ்வொரு சாளரத்தையும் ஓபன்ஜிஎல் வழியாகத்தான் வரைகிறது. ஜிபியு இல்லாதவர்களுக்கென்று வைத்திருந்த மாற்று முறையை 2013இல் 3.8 பதிப்பில் எடுத்துவிட்டார்கள். 2017 அக்டோபரில் உபுண்டு 17.10 நோமுக்கு மாறியபோது அந்தச் சுமை நம் மாணவர்களின் மடிக்கணினிக்கும் வந்து சேர்ந்தது. இரண்டு கருக்கள் (கோர்) மட்டும் உள்ள பழைய செயலியில், ஒரு கருவை விஎம்முக்குக் கொடுத்து, அந்த ஒன்றையே படம் வரையவும் விட்டால் வேறென்ன நடக்கும்? வெறும் சி நிரலாக்கமும் ஷெல் கட்டளைகளும் பழகத்தான் லினக்ஸ் வேண்டும் என்றால், 3டிக்காக மல்லுக்கட்டுவதை விட்டு எக்ஸ்எஃப்சிஇ உள்ள சுபுண்டுவை நிறுவுங்கள். என் கண்ணில் இதுவே முதல் மருந்து. ஆனால் நீல நிறத்து எலித் தலையைப் பார்த்ததும் “பழைய கணினி மாதிரி இருக்கிறது” என்று பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இனி மூன்று இடங்களையும் வெளியிலிருந்து உள்ளே வரும் திசையில் பார்ப்போம். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். கெஸ்ட்டுக்குள் மூன்று மணிநேரம் தோண்டிவிட்டுக் கடைசியில்தான் ஹோஸ்ட்டைத் திரும்பிப் பார்க்கிறார்கள்.

ஹோஸ்ட்டில் முதற்கேள்வி, உண்மையான அட்டைக்கு என்ன தெரியும் என்பது. 2020இல் வந்த விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் 16, கெஸ்ட்டுக்கு டைரக்ட்எக்ஸ் 11ஐக் கொடுக்கத் தொடங்கியது. அதற்கு ஹோஸ்ட் அட்டையும் அந்த அளவுக்கு வல்லமை உள்ளதாக இருக்க வேண்டும். இரண்டாம் தலைமுறை இன்டெல் செயலிகளில், அதாவது 2011இல் வந்தவற்றில், உள்ள எச்டி 3000 கிராபிக்ஸுக்கு டைரக்ட்எக்ஸ் 11 தெரியாது. விண்டோஸ் 10க்கு அதற்கென இன்டெல் ட்ரைவரும் வெளியிடவில்லை. அது எந்த அமைப்பை மாற்றினாலும் தீராத குறை. 2022இல் ரூபாய் சரிந்து, சில வாரங்களில் டொலர் 200 ரூபாய்ச் சொச்சத்திலிருந்து 360ஐத் தொட்ட பிறகு புதுக் கணினி வாங்கும் எண்ணத்தைக் கைவிட்ட வீடுகள் ஏராளம். அதனால் பத்து வயது கடந்த இயந்திரங்கள் இன்னும் மேசைகளில் இருக்கின்றன, அவற்றில் இந்தத் தலைமுறைச் சில்லுகளும் அடக்கம்.

அட்டை போதுமானதுதான், ஆனால் ட்ரைவர் பழையது என்பது இரண்டாவது நிலை. விண்டோஸ் தானாக ஏற்றிய ட்ரைவரில் ஓபன்ஜிஎல் பாதி வெந்ததாக இருக்கலாம். கணினி தயாரிப்பாளரின் அல்லது சில்லு நிறுவனத்தின் தளத்திலிருந்து எடுத்து ஏற்றுவதே வழி. மூன்றாவது, இரண்டு அட்டைகள் உள்ள மடிக்கணினி. இன்டெல்லும் என்விடியாவும் சேர்ந்திருக்கும் இயந்திரத்தில் விஎம் மென்பொருளுக்கு எது கிடைக்கிறது என்பதை விண்டோஸ்தான் தீர்மானிக்கிறது. பெரும்பாலும் மின்சாரத்தைச் சேமிக்க இன்டெல்லைக் கொடுத்துவிடும். விண்டோஸ் அமைப்புகளில் டிஸ்ப்ளே, அதற்குள் கிராபிக்ஸ் என்று போய் மாற்றலாம். ஆனால் அங்கே வெர்ச்சுவல்பாக்ஸின் முகப்பு நிரலைச் சேர்த்தால் பலன் கிடைக்காது. விஎம்மை உண்மையில் ஓட்டுவது வெர்ச்சுவல்பாக்ஸ்விஎம் என்ற வேறொரு கோப்பு. விஎம்வேரில் அதற்குப் பெயர் விஎம்வேர்-விஎம்எக்ஸ். அவற்றைத்தான் சேர்க்க வேண்டும்.

அலுவலகக்காரர்களுக்கு இன்னொரு கண்ணி உண்டு. கோட்டையிலோ கொள்ளுப்பிட்டியிலோ மேசையில் உள்ள கணினியில் விஎம் ஓடுகிறது; ஊழியர் வீட்டிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் வழியாக அதற்குள் நுழைகிறார். நேரில் உட்கார்ந்தபோது சீராக ஓடிய விஎம் இப்போது தவழ்கிறது. ரிமோட் டெஸ்க்டாப் அமர்வுக்குள் தொடங்கும் நிரல்களுக்கு ஹோஸ்ட்டின் ஓபன்ஜிஎல் வன்பொருள் வசதி கிடைக்காமல் போவது பழைய வியாதி. விஎம்மை நேரடி அமர்வில் தொடங்கிவிட்டுப் பிறகு தொலைவிலிருந்து இணைவது ஒரு வழி; விஎம்முக்கே நேரடியாக இணைவது அதைவிட நல்ல வழி.

ஹைப்பர்-வியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் கிராபிக்ஸ் கோளாறு என்று என்னிடம் வருபவற்றில் நல்ல பங்கு உண்மையில் கிராபிக்ஸ் கோளாறே அன்று. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ஹைப்பர்-வி என்ற மைக்ரோசாப்டின் சொந்த ஹைப்பர்வைசர், அதாவது விஎம்களை ஓட்டும் அடித்தள மென்பொருள், பின்னணியில் விழித்திருக்கக்கூடும். விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2 நிறுவினால் அது விழிக்கும். ‘மெமரி இன்டெக்ரிட்டி’ பாதுகாப்பு இயங்கினாலும் விழிக்கும். அது விழித்திருந்தால் செயலியின் விடி-எக்ஸ் அதன் கையில். முன்பெல்லாம் அந்த நிலையில் வெர்ச்சுவல்பாக்ஸும் விஎம்வேரும் ஓடவே மறுத்தன. பிறகு இரண்டும் ஹைப்பர்-வியின் மேல் ஏறி ஓடக் கற்றுக்கொண்டன; விஎம்வேரில் இது 2020இல் 15.5.5 பதிப்புடன் வந்தது. ஓடுகின்றன, ஆனால் மெதுவாக. வெர்ச்சுவல்பாக்ஸ் சாளரத்தின் கீழ் வரிசையில் ஒரு பச்சை ஆமைப் படம் தெரிந்தால் இதுதான் விடயம். ஆமை இருக்கும்வரை 3டி பெட்டியில் எத்தனை முறை சரி போட்டு எடுத்தாலும் வேகம் கூடாது. மெமரி இன்டெக்ரிட்டியை அணைப்பது, ஹைப்பர்-வி சார்ந்த விண்டோஸ் அம்சங்களை நீக்குவது, தேவைப்பட்டால் ஹைப்பர்வைசர் துவக்கத்தையே நிறுத்துவது என்று படிப்படியாகப் போகலாம். ஆனால் அணைப்பது ஒரு பாதுகாப்பு அரண் என்பதை மறக்க வேண்டாம். வங்கிக் கணக்கும் அலுவலகக் கோப்புகளும் உள்ள இயந்திரத்தில் நான் அதைத் தொடமாட்டேன்.

ஹோஸ்ட் லினக்ஸாக இருந்தால் பட்டியல் வேறு. செக்யூர் பூட் என்ற துவக்கப் பாதுகாப்பு இயங்கும் கணினியில் கையொப்பமில்லாத கெர்னல் மாட்யூல் (இயங்குதளத்தின் மையத்தில் ஏறும் நிரல் துண்டு) ஏறாது; வெர்ச்சுவல்பாக்ஸில் விஎம் தொடங்காது. விஎம்வேர் ஹோஸ்ட்டிலிருந்து 3டி ஆதரவு இல்லை என்று செய்தி காட்டினால், பயனருக்கு ரெண்டர் சாதனக் கோப்பைத் தொட அனுமதி உண்டா என்றும், அட்டையின் ட்ரைவரை விஎம்வேர் நம்பத்தகாததாக ஒதுக்கியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ஒதுக்கியதை மீறச் சொல்லும் வரியை விஎம்மின் அமைப்புக் கோப்பில் சேர்க்க முடியும். சேர்த்த பிறகு படம் சிதறினால் அது நாம் கேட்டு வாங்கியது.

இனி நடுவில் உள்ள மொழிபெயர்ப்பாளர். வெர்ச்சுவல்பாக்ஸில் ‘கிராபிக்ஸ் கன்ட்ரோலர்’ என்ற தேர்வு உண்டு. மூன்று பெயர்கள் ஒன்றுபோலவே தெரியும். 2018 டிசம்பரில் 6.0 பதிப்பு விஎம்வேரின் கற்பனை அட்டையைப் போலவே ஒன்றைக் கொண்டுவந்தது; 2019 டிசம்பரில் 6.1 பதிப்பு பழைய விபாக்ஸ்விஜிஏ வழியான 3டியை அடியோடு நீக்கியது. இப்போது லினக்ஸ் கெஸ்ட் என்றால் விஎம்எஸ்விஜிஏ, விண்டோஸ் கெஸ்ட் என்றால் விபாக்ஸ்எஸ்விஜிஏ. பழைய பதிப்பில் உருவாக்கிய விஎம் கோப்பைப் பென்டிரைவில் நண்பனிடமிருந்து வாங்கி வந்தால், அதில் பழைய கன்ட்ரோலரே ஒட்டிக்கொண்டிருக்கும். வீடியோ நினைவகமும் கூடவே பார்க்க வேண்டியது. இருபரிமாணத் திரைக்கு 16 எம்பி போதும். 3டிக்கு முகப்பு அனுமதிக்கும் 128 எம்பியையும் கொடுத்துவிடுங்கள்.

வெர்ச்சுவல்பாக்ஸ் விஎம்மின் கோப்புறைக்குள் லாக் கோப்பு ஒன்றை எழுதிக்கொண்டே இருக்கிறது, விஎம்வேரும் அப்படியே. ஹோஸ்ட்டில் எந்த ரெண்டரர் கிடைத்தது, எங்கே பின்வாங்கியது என்பதெல்லாம் அங்கே உள்ளது. யாரிடம் உதவி கேட்டாலும் கறுப்புத் திரையைக் கைபேசியில் படம் பிடித்து அனுப்புவதைவிட அந்தக் கோப்பை அனுப்புவது ஆயிரம் மடங்கு மேல்.

கெஸ்ட்டுக்குள் வந்தால், விண்டோஸில் கெஸ்ட் அடிஷன்ஸ் அல்லது விஎம்வேர் டூல்ஸ் என்ற துணைத் தொகுப்பு இல்லாமல் எதுவும் நடக்காது. லினக்ஸில் நிலைமை மாறியிருக்கிறது: விஎம்டபிள்யூஜிஎஃப்எக்ஸ் என்ற ட்ரைவர் கெர்னலிலேயே வருகிறது, மெஸாவும் உடன் வருகிறது. கெஸ்ட் அடிஷன்ஸ் திரையளவை மாற்றவும், கிளிப்போர்டைப் பகிரவும்தான் பெரும்பாலும் தேவை. எனவே 3டி இல்லை என்று அதைத் திரும்பத் திரும்ப நிறுவுவது வீண். கெஸ்ட்டின் மெஸாவும் கெர்னலும் புதியனவாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

சரி போட்டதும் கறுப்புத் திரை வந்தவர்களுக்கு: விஎம்மை நிறுத்தி, சரியை எடுத்து, உள்ளே போய்ப் புதுப்பித்து, மறுபடி போட்டுப் பாருங்கள். உபுண்டுவின் 25.04 வரையான பதிப்புகளில் உள்நுழையும் திரையில் வேலாண்டு என்ற புதிய திரை முறைக்குப் பதில் பழைய எக்ஸ்ஓஆர்ஜி அமர்வைத் தேர்ந்தெடுக்கலாம். அது பலரைக் காப்பாற்றியிருக்கிறது. இப்போது இன்னொரு வகைக் கோளாறும் வருகிறது. டெஸ்க்டாப் நன்றாக ஓடும், ஆனால் சில புதிய நிரல்களின் சாளரம் மட்டும் வெறுமையாகவோ கோடு கோடாகவோ இருக்கும். சாளரங்களை வரைய அந்த நிரல்கள் பயன்படுத்தும் ஜிடிகே தொகுப்பு 2024இல் 4.14 பதிப்பில் தன் ரெண்டரரை மாற்றியது, 4.16 வேலாண்டில் வல்கனுக்கே தாவியது. அந்த நிரலை மட்டும் பழைய ரெண்டரரில் ஓட்டச் சொல்லும் சூழல் மாறி (என்விரோன்மென்ட் வேரியபிள்) உண்டு. முழு விஎம்மையும் கலைக்க வேண்டியதில்லை.

முடுக்கம் சரியாகவே ஓடியும் ஒரு மென்பொருள் திறக்க மறுக்கலாம். முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளான பிளெண்டர் 4.0, விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓபன்ஜிஎல் 4.3 கேட்கிறது. விஎம்வேர் 16 தொடக்கத்தில் 4.1 வரைதான் கொடுத்தது, 17தான் 4.3க்கு வந்தது. ரெண்டரர் வரிக்குப் பக்கத்தில் உள்ள பதிப்பு எண்ணையும் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

கியூஎம்யு-கேவிஎம் பயன்படுத்துபவர்கள் எண்ணிக்கையில் குறைவு என்பதால் சுருக்கமாக: கியூஎக்ஸ்எல் அட்டையில் 3டி கிடையாது, விர்டியோ அட்டையைத் தேர்ந்தெடுத்து, அதில் 3டியையும், ஸ்பைஸ் பகுதியில் ஓபன்ஜிஎல்லையும் இயக்கி, அது வலையமைப்பில் இணைப்புக்காகக் காத்திருப்பதை (லிசன்) நிறுத்த வேண்டும். இவற்றில் ஒன்று விட்டாலும் ஓடாது. இதுவும் லினக்ஸ் கெஸ்ட்டுக்கு மட்டுமே உருப்படியாக வேலை செய்கிறது.

மொழிபெயர்ப்பே வேண்டாம், அட்டையையே முழுதாக உள்ளே கொடுத்துவிடலாமே என்றால், அதற்கும் பாதை உண்டு. பாஸ்த்ரூ என்பார்கள், செயலியும் மதர்போர்டும், சாதனத்தை விஎம்முக்கே ஒப்படைக்க உதவும் ஐஓஎம்எம்யு வசதி கொண்டவையாக இருக்க வேண்டும், ஹோஸ்ட்டுக்குத் திரை காட்ட வேறொரு அட்டையும் வேண்டும். என்விடியா தன் ஜீஃபோர்ஸ் அட்டைகளை விஎம்முக்குள் கண்டால் பிழை எண் 43 காட்டி முடக்கிவிடும் வழக்கத்தை 2021இல்தான் கைவிட்டது. மேசைக் கணினியும் பொறுமையும் உள்ளவர்களுக்கான வேலை இது. மாதாந்தத் தவணையில் மடிக்கணினி வாங்கிய மாணவர் பக்கமே போக வேண்டாம். இரட்டை நிறுவலோ டபிள்யூஎஸ்எல்லோ அவருக்குப் போதும். டபிள்யூஎஸ்எல் 2021 முதல் லினக்ஸ் சாளரங்களை விண்டோஸ் திரையிலேயே, ஹோஸ்ட்டின் ஜிபியு துணையுடன் காட்டுகிறது.

பாதுகாப்பைப் பற்றிப் பேசாமல் விடக்கூடாது. கெஸ்ட்டுக்குள் ஓடும் ஒரு நிரல், ஹோஸ்ட்டின் கிராபிக்ஸ் ட்ரைவர் வரை கட்டளை அனுப்பலாம் என்பதுதானே முடுக்கம்? அந்த வழி தாக்குபவருக்கும் வழிதான். 2009இல் கோஸ்ட்யா கோர்ச்சின்ஸ்கி என்ற ஆய்வாளர் விஎம்வேரின் கற்பனை அட்டை வழியாகவே விஎம்மிலிருந்து வெளியேறிக் காட்டினார். நம்பிக்கையில்லாத கெஸ்ட்டுக்கு 3டி கொடுக்க வேண்டாம் என்று வெர்ச்சுவல்பாக்ஸ் கையேடே எச்சரிக்கிறது. மைக்ரோசாப்ட் ஹைப்பர்-வியில் வைத்திருந்த கிராபிக்ஸ் பகிர்வு வசதியான ரிமோட்எஃப்எக்ஸ் விஜிபியுவை 2020 ஜூலையில் பாதுகாப்பு ஓட்டைக்காக முடக்கி, 2021இல் நீக்கியேவிட்டது. பாமினி எழுத்துருவில் பழைய பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறப்பதற்காக விண்டோஸ் எக்ஸ்பியை விஎம்முக்குள் காப்பாற்றி வைத்திருக்கும் தமிழ் அச்சகக்காரர்களுக்கு இதை அழுத்திச் சொல்வேன். எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலில் முடிந்துவிட்டது. பேஜ்மேக்கருக்கு 3டி எதற்கும் உதவாது. சரியை எடுத்துவிடுங்கள், வலையமைப்பு இணைப்பையும் துண்டித்துவிடுங்கள், கோப்புகளைப் பகிர்வுக் கோப்புறை வழியாக மட்டும் நகர்த்துங்கள்.

கடைசியாக, பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவுக்கு இரண்டாங்கை மடிக்கணினி வாங்கப் போகிறவர்கள், விஎம் ஓட்டுவதுதான் நோக்கம் என்றால், சேமிப்பளவைப் பார்ப்பதற்கு முன் செயலியின் தலைமுறையைப் பாருங்கள். விண்டோஸில் இன்டெல் வல்கன் ஆதரவு ஆறாம் தலைமுறையிலிருந்துதான். மெல்லிய மடிக்கணினிகளுக்கான ஐ5 வரிசை இரண்டு கருக்களிலிருந்து நான்காக உயர்ந்தது 2017இல் வந்த எட்டாம் தலைமுறையில்; விண்டோஸ் 11 ஆதரவும் பொதுவாக அங்கிருந்தே தொடங்குகிறது. ரேம் 16 ஜிபி, அல்லது அந்த அளவுக்குக் கூட்டக்கூடிய இடம். பணம் கொடுப்பதற்கு முன் கடையிலேயே டிஎக்ஸ்டயாக்கைத் திறந்து, டிஸ்ப்ளே பக்கத்தில் அட்டையின் பெயரும் ‘ஃபீச்சர் லெவல்’ வரியும் பார்த்துவிடுங்கள். அங்கே 11இல் தொடங்கும் எண் இல்லையென்றால் அடுத்த மேசைக்குப் போகலாம். பயாஸில் விர்ச்சுவலைசேஷன் திறக்கிறதா என்றும் கடைக்காரரைக் கொண்டே இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். அலுவலகங்கள் கழித்துவிட்ட இயந்திரங்களில் பயாஸுக்குக் கடவுச்சொல் போட்டு, அதை யாருக்கும் சொல்லாமல் போயிருப்பார்கள்.